கூட்டத்தை நோக்கியா, நடுவரை நோக்கியா? போட்டிச் சியர்லீடிங்கின் பெயரும் அடையாளமும்

இரண்டு தீர்ப்புகள்

2009 ஜனவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம், சியர்லீடிங் என்பது உடலோடு உடல் மோதும் விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. ஒன்றரை ஆண்டு கழித்து, 2010 ஜூலையில், கனெக்டிகட்டில் உள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் போட்டிச் சியர்லீடிங்கை இப்போதைக்கு விளையாட்டாகக் கணக்கில் கொள்ள முடியாது என்றது.

முதல் வழக்கைத் தொடுத்தவர் ஒரு பள்ளி மாணவி. கூடைப்பந்து ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில், பாய் விரிக்காத கடினத் தரையில், ஒருவர்மேல் ஒருவர் ஏறி நிற்கும் வித்தையைச் செய்யும்போது பின்பக்கமாக விழுந்து தலையில் அடிபட்டவர். தாங்கிப் பிடிக்க வேண்டிய சக மாணவர் சரியான இடத்தில் நிற்கவில்லை என்பது அவருடைய புகார். மோதல் விளையாட்டில் ஈடுபடுவோர்மீது வெறும் கவனக்குறைவுக்காக வழக்குப் போட முடியாது என்கிறது அந்த மாநிலச் சட்டம். சியர்லீடிங் விளையாட்டு என்று ஆனதும் அவருடைய வழக்கு விழுந்தது. இரண்டாவது வழக்கைத் தொடுத்தவர்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் கைப்பந்து வீராங்கனைகளும் அவர்களுடைய பயிற்சியாளரும். சியர்லீடிங் விளையாட்டு இல்லை என்று ஆனதால் அவர்கள் வென்றார்கள்.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது அவசியம். சியர்லீடிங்கை விளையாட்டு என்று ஏற்பது அதில் ஈடுபடும் பெண்களுக்கு எப்போதும் நன்மையே செய்யும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்த அங்கீகாரத்துக்குத் தடையாக நிற்பது பெயர்தான் என்ற வாதம் அதன் தொடர்ச்சி. ‘சியர்லீடர்’ என்றதும் ஆட்டக்களத்தின் ஓரத்தில் பாம்பாம் ஆட்டும் பெண்தான் கண்முன் வருகிறாள். இருபது அடி உயரத்தில் சுழலும் வீராங்கனை வருவதில்லை. ஆகவே பெயரை மாற்றுங்கள் என்கிறது அது. வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. நம்மவர்களுக்கே இந்தச் சொல் அறிமுகமானது 2008-இல் ஐபிஎல் தொடங்கியபோதுதான். பெங்களூரு அணிக்காக வாஷிங்டனின் அமெரிக்கக் கால்பந்து அணியுடைய சியர்லீடர்கள் வந்து ஆடினார்கள். பவுண்டரிக்கு ஒரு ஆட்டம், விக்கெட்டுக்கு ஒரு ஆட்டம். அந்தப் பெண்களின் தொழிலுக்கும் இந்தக் கட்டுரை பேசும் போட்டிக்கும் பெயரைத் தவிரப் பொதுவாக இருப்பது மிகக் குறைவு.

பெயர் மாற்றம் அமெரிக்காவில் ஏற்கெனவே நடந்து பார்த்த சோதனை. ஒரு முறையல்ல, இரண்டு வேறு அமைப்புகள் இரண்டு வேறு பெயர்களில் செய்திருக்கின்றன. அவற்றின் விளைவை எடைபோட்டால், பெயரோடு சேர்ந்து போனவை எவை, பெயர் மாறியும் மாறாமல் நின்றவை எவை என்பது தெரியவரும். புதிய பெயர் தேவையில்லை என்பதே என் நிலைப்பாடு. ஆனால் அதற்கு நான் சொல்லும் காரணம், பாரம்பரியத்தைக் காக்க வேண்டும் என்று சொல்பவர்களின் காரணத்திலிருந்து வேறுபட்டது.

ஆண்களிடமிருந்து வந்த பெயர்

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1898 நவம்பர் 2 அன்று மினசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்து ஆட்டத்தில் ஜானி கேம்பெல் என்ற மாணவர் கூட்டத்தின் முன்னால் நின்று கோஷத்தை ஒழுங்குபடுத்தினார். அதையே சியர்லீடிங்கின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். அடுத்த கால் நூற்றாண்டுக்கு இது ஆண்களின் வேலை, மதிப்புக்குரிய வேலையும்கூட. அமெரிக்க அதிபர்களான ஐசனோவரும் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷும் மாணவப் பருவத்தில் சியர்லீடர்களாக இருந்தவர்கள். மினசோட்டாவில் பெண்கள் சேர்ந்தது 1923-இல். இரண்டாம் உலகப் போருக்கு ஆண்கள் போன பிறகு கல்லூரிகளில் அவர்கள் இடத்தைப் பெண்கள் நிரப்பினார்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று. தலைமை தாங்குவது ஆணாக இருந்தவரை அந்தப் பெயர் யாருக்கும் இழிவாகப் படவில்லை. பெண்கள் வந்த பிறகுதான் அது ‘அழகுக்காக நிற்பவர்’ என்ற பொருளுக்கு இறங்கியது. நடாலி கைஸ் ஆடம்ஸ், பமிலா பெட்டிஸ் இருவரும் 2003-இல் எழுதிய நூல் இந்தச் சரிவை விரிவாக ஆராய்கிறது. பெயரில் ஒட்டியிருக்கும் இளக்காரம் பெயருக்குள்ளிருந்து வந்ததில்லை, பெயரைச் சுமப்பவர் மாறியதால் வந்தது என்றால், வேறு பெயர் வைத்தாலும் அதே இளக்காரம் பின்தொடர்ந்து வராது என்று எப்படிச் சொல்வது?

இதை ஒரு தொழிலாக்கியவர்கள் இருவர். 1948-இல் லாரன்ஸ் ஹெர்க்கிமர் நேஷனல் சியர்லீடர்ஸ் அசோசியேஷனைத் தொடங்கினார். முகாம், சீருடை, பாம்பாம் மூன்றையும் விற்கலாம் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். அவரிடம் வேலை பார்த்த ஜெஃப் வெப் 1974-இல் யுனிவர்சல் சியர்லீடர்ஸ் அசோசியேஷன் என்ற போட்டி நிறுவனத்தைத் தொடங்கினார். கோஷத்தைக் குறைத்து ஜிம்னாஸ்டிக்ஸைக் கூட்டியது அவர் செய்த மாற்றம். அந்த நிறுவனமே பின்னர் வார்சிட்டி என்ற பெரும் குழுமமாக வளர்ந்து ஹெர்க்கிமரின் அமைப்பையும் விழுங்கியது.

பாயில் நடப்பது

போட்டியின் அளவுகளைத் தெரிந்துகொண்டால் விவாதம் தெளிவாகும். 54 அடி அகலம், 42 அடி ஆழம். நீளவாக்கில் ஒன்பது பட்டைகளாக விரித்த பாய். அதிகபட்சம் இரண்டரை நிமிடம். கல்லூரி அணியில் இருபது பேர் வரை. கீழே நின்று தாங்குபவர் ‘பேஸ்’, பின்னால் நின்று கணுக்காலையும் கழுத்தையும் காப்பவர் ‘பேக் ஸ்பாட்’, மேலே போகிறவர் ‘ஃப்ளையர்’. பாஸ்கெட் டாஸ் என்ற வித்தையில் பேஸ் இருவர் தங்கள் மணிக்கட்டுகளைக் கோத்துச் சதுரமாக்கி, அதில் ஃப்ளையரை நிறுத்தி மேலே எறிகிறார்கள். அவர் காற்றில் உடம்பை மடித்து, சுழற்றி, மல்லாந்த நிலையில் அவர்கள் கையிலேயே வந்து விழ வேண்டும். உயர்மட்டப் போட்டிகளில் ‘ரீவைண்ட்’ என்றொரு வித்தை உண்டு. எறியப்பட்ட ஃப்ளையர் காற்றில் பின்குட்டிக்கரணம் அடித்து, விரித்த ஒற்றைக் கையில் பாதம் பதித்து நிற்பது அது. ஜிம்னாஸ்டிக்ஸில் கருவி அசையாமல் இருக்கும். இங்கே கருவியாக இருப்பது இன்னொரு மனிதர். அவருக்கும் மூச்சு வாங்கும், கை வியர்க்கும்.

இதெல்லாம் நடக்கும்போது முகம் சிரிக்க வேண்டும். சிரிப்புக்குத் தனி மதிப்பெண் என்று எங்கும் எழுதியிருக்காது. ‘பெர்ஃபார்மன்ஸ்’, ‘ஷோமேன்ஷிப்’ என்ற தலைப்புகளுக்குள் அது அடங்கிவிடும். லாரா கிரின்ட்ஸ்டாஃப், எமிலி வெஸ்ட் இருவரும் 2006-இல் வெளியிட்ட சமூகவியல் ஆய்வுக் கட்டுரை இந்த இரட்டை நிலையைத்தான் மையமாக எடுத்துக்கொண்டது. உடல் வலிமையைக் காட்டி மதிப்புக் கேட்கிறவர்கள், அந்த வலிமைக்கான சிரமத்தை முகத்தில் காட்டாமல் மறைக்கவும் வேண்டியிருக்கிறது.

அதே 2006 மார்ச்சில் நடந்த ஒரு சம்பவம் இந்த நிலையை ஆய்வைவிடக் கூர்மையாகக் காட்டியது. செயின்ட் லூயிஸில் கல்லூரிக் கூடைப்பந்து இறுதியாட்டத்தின் இடைவேளையொன்றில் தெற்கு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகச் சியர்லீடர் ஒருவர் மனிதப் பிரமிடின் உச்சியிலிருந்து தலைகீழாக விழுந்தார். கழுத்தெலும்பில் முறிவு, மூளையில் அதிர்ச்சி. கழுத்தை அசைக்க முடியாதபடி கட்டி, ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து வெளியே தள்ளிக்கொண்டு போகும்போது பல்கலைக்கழக இசைக்குழு வழக்கமான பாட்டை வாசித்தது. படுத்தபடியே அவர் அந்தப் பாட்டுக்குரிய கையசைவுகளைச் செய்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. தொலைக்காட்சிகள் அதைத் துணிச்சலின் சின்னமாகத் திரும்பத் திரும்பக் காட்டின. வேறெந்த விளையாட்டிலும் கழுத்து முறிந்த ஒருவரிடம் யாரும் இதை எதிர்பார்ப்பதில்லை, செய்தாலும் பாராட்டுவதில்லை. ஆட்டத்தில் அவர் ஒரு போட்டியாளராக இல்லை, மற்றவர்களின் உற்சாகத்துக்குப் பொறுப்பானவராக இருந்தார். ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோதும் அந்தப் பொறுப்பு அவரை விடவில்லை. பெயர் மாற்றம் கேட்பவர்கள் தங்கள் தரப்புக்கு இதைவிட வலுவான சான்றைத் தேடத் தேவையில்லை.

மருத்துவர்கள் கேட்டது என்ன

மருத்துவத் தரப்பின் வாதம் புள்ளிவிவரத்தில் தொடங்குகிறது. வட கரோலினாவில் இயங்கும் பேரிடர் விளையாட்டுக் காய ஆய்வு மையம் 1982 முதல் தொகுத்த பதிவுகளின்படி, அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவிகளுக்கு விளையாட்டில் நேரும் மிகக் கடுமையான காயங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சியர்லீடிங்கில் நேர்ந்தது. எண்ணிக்கையில் மொத்தக் காயம் அதிகமில்லை. விழுந்தால் தலையிலும் கழுத்திலும் விழுவதுதான் ஆபத்து.

2012-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், எல்லா மாநிலங்களும் சியர்லீடிங்கை விளையாட்டாக அறிவிக்க வேண்டும் என்று கொள்கை அறிக்கை வெளியிட்டது. 2014-இல் அமெரிக்க மருத்துவச் சங்கமும் அதே நிலையை எடுத்தது. விளையாட்டு என்று ஆனால் பருவத்துக்கு முந்தைய உடற்பரிசோதனை, தகுதி பெற்ற பயிற்சியாளர், களத்தில் காயச் சிகிச்சையாளர், நல்ல தரை உள்ள பயிற்சி இடம் ஆகியவை கிடைக்கும் என்பது அவர்களுடைய தர்க்கம்.

இரு அமைப்புகளும் கேட்டது வகைப்பாட்டை. புதிய பெயரை அவை கேட்கவில்லை. காயங்களைக் குறைத்த நடவடிக்கைகளைப் பார்த்தாலும் இது புலப்படும். 2006-07 பள்ளிப் பருவத்திலிருந்து கூடைப்பந்துத் தளம் போன்ற கடினத் தரையில் பாஸ்கெட் டாஸ் செய்யக்கூடாது என்று விதி வந்தது. அதன்பின் பள்ளிகளில் கடும் காயங்கள் குறைந்தன. ஒரு வரி விதி அது. பெயர்ப் பலகை எதுவும் மாறவில்லை. விஸ்கான்சின் தீர்ப்பு இந்த வாதத்தின் மறுபக்கத்தையும் காட்டுகிறது: விளையாட்டு என்ற வகைப்பாடு பாதுகாப்பைக் கொண்டுவரலாம், நஷ்டஈடு கேட்கும் உரிமையைப் பறிக்கவும் செய்யலாம்.

குவின்னிபியாக்: நீதிபதி எண்ணியவை

பெயர் மாற்ற இயக்கத்தின் உண்மையான பிறப்பிடம் நீதிமன்றம். கனெக்டிகட்டின் ஹாம்டனில் உள்ள குவின்னிபியாக் பல்கலைக்கழகம் 2009 மார்ச்சில் செலவைக் குறைப்பதாகச் சொல்லிப் பெண்கள் கைப்பந்து அணியைக் கலைத்தது. கூடவே போட்டிச் சியர்லீடிங்கைப் பல்கலைக்கழக அணியாக உயர்த்தியது. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ‘டைட்டில் நைன்’ பிரிவின்படி, பெண்களின் விளையாட்டு வாய்ப்பு மாணவியர் விகிதத்துக்கு ஏறக்குறைய ஈடாக இருக்க வேண்டும். கைப்பந்து அணி செலவு பிடிக்கும், ஆள் குறைவு. சியர்லீடிங்கில் 30 பேரைப் பட்டியலில் சேர்க்கலாம், செலவும் குறைவு. பல்கலைக்கழகத்தின் கணக்கு இதுதான். ஓட்டப் பந்தய மாணவிகளை மூன்று அணிகளின் பட்டியலில் எழுதி மும்முறை எண்ணும் பழக்கமும் அங்கே இருந்தது என்பதை அறிந்தால் கணக்கின் தன்மை புரியும்.

நீதிபதி ஸ்டெஃபன் அண்டர்ஹில்லின் தீர்ப்பைச் சியர்லீடிங்கை அவமதித்த தீர்ப்பாகவே பத்திரிகைகள் எழுதின. தீர்ப்பைப் படித்தால் அப்படித் தோன்றாது. உடல் திறன் விஷயத்தில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பயிற்சி நேரம், பயிற்சியாளர், நிதி எல்லாம் மற்ற அணிகளுக்கு இணையாக இருந்ததை ஒப்புக்கொண்டார். அவரைத் தடுத்தவை வேறு. வளாகத்துக்கு வெளியே போய் வீராங்கனைகளைத் தேடிச் சேர்க்கும் முறை இல்லை. எதிரணிகளில் ஒழுங்கில்லை; சில கல்லூரி மன்ற அணிகள், சில ஆட்டக்கள ஓரத்துச் சியர்லீடிங் அணிகள், சில எந்தக் கல்லூரியையும் சேராத தனியார் ஜிம் அணிகள். ஒரே பருவத்தில் ஐந்து வெவ்வேறு மதிப்பெண் முறைகளின்கீழ் அந்த அணி போட்டியிட நேர்ந்தது. ஒரே பொதுவான விதிப்புத்தகமோ, தகுதிச் சுற்று வழியாகப் போய்ச்சேரும் இறுதிப் போட்டியோ இல்லை. எதிர்காலத்தில் இவை அமைந்தால் விளையாட்டாகலாம் என்று கதவைத் திறந்தே வைத்தார். 2012 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

அவர் எண்ணிய குறைகளில் பெயர் இல்லை. இருந்த குறைகள் எல்லாமே நிர்வாகக் குறைகள். அவற்றுக்குக் காரணம் இந்த விளையாட்டை ஒரு பொது அமைப்பு நடத்தவில்லை, போட்டி விற்கும் நிறுவனங்கள் நடத்தின என்பது. ஆளுக்கொரு போட்டி, ஆளுக்கொரு மதிப்பெண் தாள்.

இரண்டு புதிய பெயர்கள்

தீர்ப்பு வந்த சில மாதங்களில் இரண்டு முயற்சிகள் முளைத்தன. ஒரேகான், பேலர், மேரிலாண்ட், குவின்னிபியாக் உள்ளிட்ட சில பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தங்கள் விளையாட்டுக்கு ‘அக்ரோபாட்டிக்ஸ் அண்ட் டம்ப்ளிங்’ என்று பெயரிட்டன. சியர் என்ற சொல்லை அடியோடு நீக்கின. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பின் பக்கம் சாய்ந்தன. மறுபுறம் யுஎஸ்ஏ சியர் என்ற தேசிய அமைப்பு ‘ஸ்டன்ட்’ என்ற பெயரில் இன்னொரு வடிவத்தை 2011-இல் களமிறக்கியது. சியர்லீடிங் அதன் வழியில் தொடரட்டும், அதிலிருந்து கோஷத்தையும் கூட்டத்தையும் கழித்த வடிவம் தனி விளையாட்டாகட்டும் என்பது அவர்கள் யோசனை.

இரண்டிலும் அணிகள் நேருக்கு நேர் மோதுகின்றன. அக்ரோபாட்டிக்ஸ் அண்ட் டம்ப்ளிங் சந்திப்பில் கட்டாயப் பகுதி, அக்ரோ, பிரமிடு, டாஸ், டம்ப்ளிங், அணிப் பகுதி என ஆறு நிகழ்வுகள். ஸ்டன்டில் நான்கு கால்பகுதிகள்; இரண்டு அணிகளும் முன்பே வகுக்கப்பட்ட ஒரே ரொட்டீனை அருகருகே ஒரே நேரத்தில் செய்கின்றன, யார் பிழையின்றிச் செய்தார்களோ அவர்களுக்குப் புள்ளி. நடுவரின் ரசனைக்கு இருந்த இடம் பெருமளவு சுருங்கிவிட்டது. இது உண்மையான சாதனை. சிரிக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. வீராங்கனை பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கலாம். கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ, பெண்களுக்கான வளரும் விளையாட்டுகளின் பட்டியலில் முதலாவதை 2020-இலும் இரண்டாவதை 2023-இலும் சேர்த்தது.

சாதனைகளை ஒப்புக்கொண்ட பிறகு இழப்பையும் பார்க்க வேண்டும். முதலாவது, பெயர் மாறியதால் பட்ஜெட் கத்தி விலகிவிடவில்லை. 2003-இல் நாட்டிலேயே முதன்முதலாகப் போட்டிச் சியர்லீடிங்கைப் பல்கலைக்கழக அணியாக்கிய மேரிலாண்ட், புதிய பெயருக்கு மாறிய பிறகு 2012-இல் நிதி நெருக்கடியில் அதைக் கலைத்துவிட்டது. இரண்டாவது, களம் சிறியது. முதல் நான்கு பட்டங்களையும் (2011-14) வென்றது ஒரேகான். அதன் பயிற்சியாளர் ஃபெலிஷா மல்கி பேலருக்கு மாறியதும் 2015-இலிருந்து பட்டங்கள் பேலருக்குப் போயின. ஒரு பயிற்சியாளரின் இடமாற்றத்தோடு பட்டமும் இடம் மாறும் விளையாட்டு இன்னும் வேர்பிடிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது இழப்பைப் பெயர் மாற்றத்தின் ஆதரவாளர்கள் பேசுவதே இல்லை. என்சிஏஏ பட்டியலில் இவ்விரண்டும் பெண்களுக்கு மட்டுமான விளையாட்டுகள். ஆனால் சியர்லீடிங்கின் உச்சங்களில் ஒன்று ஆணும் பெண்ணும் சேர்ந்த கலப்பு அணி. 2020-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘சியர்’ ஆவணத் தொடர் டெக்சஸின் கோர்சிகானாவில் உள்ள நவாரோ கல்லூரி அணியை உலகறியச் செய்தது. அதில் பார்வையாளர் மனதில் நின்றவர்களில் பாதிப்பேர் ஆண்கள். பெரும்பாலும் வறிய, சிதைந்த குடும்பங்களிலிருந்து வந்து இந்தப் பாயில் ஊன்றி நின்றவர்கள். டைட்டில் நைன் கணக்குக்காக உருவான பெயர்களில் அவர்களுக்கு இடமில்லை. ஆண்கள் தொடங்கி, பெண்கள் வளர்த்து, இருவரும் சமமாக ஒருவர்மீது ஒருவர் சாய்ந்து நிற்கும் நிலைக்கு வந்த அரிதான விளையாட்டு இது. அங்கீகாரத்தின் விலையாக அந்தக் கலப்பை விட்டுக்கொடுப்பது, என் பார்வையில், பாம்பாமை விட்டுக்கொடுப்பதைவிடப் பெரிய இழப்பு.

மற்ற விளையாட்டுகளின் அனுபவம்

பெயர் மாற்றிய விளையாட்டுகளில் பெரிதும் பேசப்பட்டது ஒருங்கிசைந்த நீச்சல். 2017 ஜூலையில் புடாபெஸ்டில் கூடிய உலக நீச்சல் அமைப்பு, ஒலிம்பிக் குழுவின் யோசனையை ஏற்று அதைக் ‘கலை நீச்சல்’ என்று மாற்றியது. அந்த விளையாட்டில் கோலோச்சிய ரஷ்யத் தரப்பு கடுமையாக எதிர்த்தது. பெயர் மாறிய பிறகும் கேலி நிற்கவில்லை. அணிகள் தங்கள் கடினத்தன்மையை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், செய்யத் தவறினால் மதிப்பெண் சரியும் என்ற புதிய முறை சில ஆண்டுகளுக்குப் பின் வந்தபோதுதான் போட்டியின் முடிவுகளே மாறத் தொடங்கின. ஆண்களுக்கு வழி திறந்ததும் தனி முடிவு: 2015 உலகப் போட்டியில் கலப்பு இரட்டையர், 2024 பாரிஸில் அணிப் போட்டியில் அனுமதி.

பிரேக்கிங் வேறு பாடம் சொல்கிறது. ஊடகங்கள் ஒட்டிய ‘பிரேக்டான்ஸ்’ என்ற பெயரை விலக்கி, ஆடுபவர்கள் தங்களுக்குள் வழங்கிய பெயரிலேயே 2024 பாரிஸுக்குப் போனார்கள். பெயர் சரி. ஆனால் அதை ஒலிம்பிக்குக்குக் கொண்டுபோனது பால்ரூம் நடனத்தில் வேரூன்றிய ஓர் உலக அமைப்பு. தெருவில் பிறந்த கலையை நடத்த அவர்களுக்கு என்ன உரிமை என்ற கேள்வி கடைசிவரை ஓயவில்லை.

பிலிப்பைன்ஸில் 1994 முதல் நடக்கும் பல்கலைக்கழகப் போட்டிக்கு ‘சியர்டான்ஸ்’ என்று பெயர். பறையடி முழங்க, தங்கள் பல்கலைக்கழகத்துக்காக அரங்கம் நிறைந்த மாணவர்கள் குரல் கொடுக்க, வித்தையும் நடனமும் கலந்து ஆடுகிறார்கள். கூடைப்பந்து இறுதியாட்டத்துக்கு இணையாக நுழைவுச்சீட்டுக்கு அடிபிடி நடக்கும் நிகழ்வு அது. அது விளையாட்டா நடனமா என்று அங்கே யாரும் தீர்த்து முடித்ததாகத் தெரியவில்லை; தீர்க்காததால் அரங்கம் காலியாகவும் இல்லை.

யாருடைய விளையாட்டு

கேள்வி கடைசியில் உடைமைக்கு வந்து சேர்கிறது. 2017 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வினோதமான வழக்கில் தீர்ப்பளித்தது: சியர்லீடிங் சீருடையில் உள்ள பட்டைகளும் கோணக் கோடுகளும் பதிப்புரிமைக்கு உரியவையா? ஸ்டார் அத்லெட்டிகா என்ற சிறு நிறுவனத்துக்கு எதிராக வார்சிட்டி தொடுத்த வழக்கு. அந்த வடிவங்களைத் துணியிலிருந்து பிரித்துத் தனிக் கலைப்படைப்பாகக் கருதலாம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூற, வார்சிட்டி வென்றது. ஒரு சட்டையைச் சியர்லீடிங் சட்டையாக்கும் கோடுகளைத் தனியொரு நிறுவனம் தன் சொத்தாகக் கோர முடிந்தது. அடையாளத்தைப் பற்றிப் பேசும்போது இந்தத் தீர்ப்பை யாரும் குறிப்பிடாதது ஆச்சரியம்.

சீருடை, முகாம், போட்டி மூன்றும் ஒரே குழுமத்தின் கையில் குவிந்ததை எதிர்த்துத் தனியார் ஜிம் உரிமையாளர்களும் பெற்றோரும் ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தார்கள். தவறேதும் செய்ததாக ஒப்புக்கொள்ளாமலேயே 2023-இல் 43.5 மில்லியன் டாலருக்கும், பெற்றோர் தரப்பின் இன்னொரு வழக்கில் 2024-இல் 82.5 மில்லியன் டாலருக்கும் சமரசம் ஆனது. இந்தக் குழுமத்தை நிறுவிய ஜெஃப் வெப்தான் உலக அமைப்பான இன்டர்நேஷனல் சியர் யூனியனின் தலைவராகவும் இருந்தவர். 2004-இல் தொடங்கிய அந்த அமைப்பு ‘லீடிங்’ என்பதை ஏற்கெனவே பெயரிலிருந்து உதிர்த்துவிட்டது. ‘சியர்’ என்றே தன்னை அழைத்துக்கொண்டு 2021 ஜூலையில், டோக்கியோ கூட்டத்தொடரில், ஒலிம்பிக் குழுவின் முழு அங்கீகாரத்தைப் பெற்றது. ஆனால் லாஸ் ஏஞ்சலஸ் 2028-க்கான கூடுதல் விளையாட்டுகளை 2023-இல் தேர்ந்தெடுத்தபோது கிரிக்கெட், ஸ்குவாஷ், ஃப்ளாக் ஃபுட்பால் எல்லாம் உள்ளே வந்தன. சியர் பிறந்த நாட்டில் நடக்கும் ஒலிம்பிக்கில் சியருக்கு இடமில்லை.

விற்பனையாளர் வேறு, விதி வகுப்பவர் வேறு என்ற பிரிவு வராதவரை எந்தப் பெயரைச் சூட்டினாலும் அதையும் அதே கடையில்தான் வாங்க வேண்டியிருக்கும். அந்தப் பிரிவோடு, பழைய பெயரோடு, கோஷத்தோடு சேர்ந்தே ஒரு விளையாட்டை நடத்த முடியும் என்பதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. மிச்சிகன் மாநில உயர்நிலைப்பள்ளி விளையாட்டுச் சங்கம் 1994 முதல் ‘காம்பெட்டிட்டிவ் சியர்’ என்ற பெயரிலேயே மாணவியருக்கு மாநில அளவில் இறுதிப் போட்டி நடத்திவருகிறது. குளிர்காலப் பருவம், மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று ஏறிப்போகும் தகுதிப் படிகள், எல்லோருக்கும் ஒரே விதிப்புத்தகம், மூன்று சுற்றுகள். குவின்னிபியாக்கில் நீதிபதி தேடிக் காணாதவற்றில் பெரும்பாலானவை அங்கே பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன. பதிவுசெய்த இசை அங்கே ஒலிப்பதில்லை. மாணவிகள் தங்கள் குரலிலேயே கோஷமிட்டபடி தாவுகிறார்கள், தூக்குகிறார்கள், நிற்கிறார்கள். குரலும் சேர்ந்துதான் மதிப்பிடப்படுகிறது. மிச்சிகனுக்கு மேலே கல்லூரி மட்டத்தில் இப்படியொரு அமைப்பு ஏன் உருவாகவில்லை என்பதை ஆராய்ந்தால், புதிய பெயரைத் தேடுவதைவிடப் பயனுள்ள விடை கிடைக்கும். அங்கே ஆண்களுக்கும் இடம் கொடுப்பது அதற்கு அடுத்த வேலை.